மார்கண்டே: ஒரு வெண்கலச் சிலையும் அதற்குள் இருக்கும் மனிதரும்

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்ஜெல்லோ என்றொரு அருங்காட்சியகம். அங்கே 1582ஐச் சேர்ந்த ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. சிறகுள்ள ஒரு விநோத விலங்கின் மேல் உயரம் குறைந்த மனிதர் ஒருவர் ஆடையின்றி அமர்ந்திருக்கிறார். செய்தவர் ஜம்போலோஞா, அந்தக் காலத்தின் மாபெரும் சிற்பி.

சிற்பி யாரென்று எல்லாருக்கும் தெரியும். சிலையில் இருப்பவர் யார்?

அவர் கற்பனைப் பாத்திரம் இல்லை மக்களே. ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர். பெயர் பிராச்சோ டி பார்தோலோ. ஃப்ளாரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ மெடிச்சியின் அரண்மனையில் இருந்தவர். ஆனால் அங்கே அவரை அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. "மார்கண்டே" என்றார்கள்.

மார்கண்டே என்பது லூயிஜி புல்சி எழுதிய காவியத்தில் வரும் ராட்சதனின் பெயர். நம்மூரில் ஒல்லியாக இருப்பவரை "பயில்வான்" என்று கூப்பிடுவோமே, அதே கிண்டல்தான். வாழ்ந்த காலம் முழுக்க அவர் பெயரே ஒரு ஜோக்!

சரி, ஒரு மருத்துவராக இந்தச் சிலையைப் பார்ப்போம்.

உடல் நடுப்பகுதி கிட்டத்தட்ட சராசரி நீளம். கை கால் மட்டும் குட்டை. அதிலும் முழங்கைக்கு மேலும் முழங்காலுக்கு மேலும் உள்ள பகுதி இன்னும் குட்டை. தலை பெரிது, நெற்றி புடைத்திருக்கிறது, மூக்குத்தண்டு அமுங்கியிருக்கிறது. இதை "அகோண்ட்ரோபிளாசியா" என்கிறோம். உயரக் குறைவை ஏற்படுத்தும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

ஏன் இப்படி ஆகிறது?

கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகு எலும்பாக மாறி நீள்கின்றன. இந்த வளர்ச்சி எல்லை மீறாமல் இருக்க "எஃப்ஜிஎஃப்ஆர்3" என்ற மரபணு பிரேக் போல வேலை செய்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், பிரேக் மிதித்தபடியே நின்றுவிடும். எலும்பு நீள்வது குறைந்துவிடும். மண்டையோட்டின் மேற்பகுதி குருத்தெலும்பிலிருந்து உருவாவதில்லை என்பதால் அது வழக்கம்போல வளர்கிறது. அதனால்தான் தலை பெரிதாகத் தெரிகிறது.

அறிவுத்திறனுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

இந்த மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது 1994இல். அதற்கு நானூறு வருடங்களுக்கு முன்பே ஜம்போலோஞாவின் கண் ஒரு அளவு பிசகாமல் இதை வெண்கலத்தில் பதிவு செய்துவிட்டது.

ஆனால் அந்தக் கண் அவரை எதற்காகப் பார்த்தது?

அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுக்கு அலங்காரமாக! இந்த வெண்கலச் சிலையே ஒரு நீரூற்றுக்காகச் செய்ததுதான். இதற்கு முன்பே வலேரியோ சியோலி என்ற சிற்பி, மார்கண்டேயை ஆமை மேல் உட்கார வைத்து பளிங்கில் செதுக்கியிருந்தார். போபோலி தோட்டத்தில் சுற்றுலாப் பயணிகள் அந்த உருவத்தின் முன் நின்று இன்றும் சிரித்தபடி போட்டோ எடுக்கிறார்கள்.

ஓவியர் பிரான்சினோ மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தார். ஒரே திரையின் இரண்டு பக்கமும் மார்கண்டேயை வரைந்தார். முன்பக்கம், ஆந்தையோடு பறவை வேட்டைக்குக் கிளம்புகிறார். பின்பக்கம், பிடித்த பறவைகளோடு திரும்புகிறார். அதிலும் அவர் நிர்வாணம்தான். ஆனால் அங்கே அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்தும் காட்டுகிறார்.

அதையும் விட்டு வைக்கவில்லை. பின்னாளில் அந்த ஓவியத்தின் மேல் திராட்சைக் கொடியும் இலையும் பூசி, அவரை மதுக்கடவுள் பாக்கஸாக மாற்றிவிட்டார்கள். 2010இல்தான் அந்தப் பூச்சை நீக்கி முடித்தார்கள். வேட்டைக்காரர் திரும்பி வந்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்?

இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் 80 சதவிகிதம் பேருக்குத் தாய், தந்தை இருவருமே சராசரி உயரம்தான். மரபணு மாற்றம் புதிதாக நிகழ்கிறது. தந்தையின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பு சற்று கூடுகிறது. கிரகணத்தில் வெளியே போனதாலோ, கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ வருவது இல்லை. தயவுசெய்து அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

குழந்தைப் பருவத்தில் மண்டையோட்டின் அடியில் உள்ள துவாரம் குறுகி, மூச்சு பாதிக்கப்படலாம். பெரியவர்களானதும் தண்டுவடம் நெருக்கப்பட்டு காலில் மரத்துப்போதல் வரலாம். ஆகவே தொடர் மருத்துவக் கண்காணிப்பு அவசியம். எலும்பு வளர்ச்சிக்கு உதவும் ஊசி மருந்து ஒன்றும் 2021 முதல் சில நாடுகளில் ஒப்புதல் பெற்றிருக்கிறது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்த பின்னும் 147 செ.மீ அல்லது அதற்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு உரிமை தருகிறது. சான்றிதழ் பெறலாம். தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

சட்டம் சான்றிதழ் தரும். மரியாதையை நாம்தான் தர வேண்டும். நம் சினிமாவில் உயரம் குறைந்தவர் திரையில் வந்தாலே சிரிக்கச் சொல்லும் இசை போடுகிறார்களே, அதுவும் அந்த நீரூற்று அலங்காரமும் ஒன்றுதான்.

உங்கள் தெருவிலோ, அலுவலகத்திலோ, பிள்ளையின் வகுப்பிலோ இப்படி ஒருவர் இருந்தால், பட்டப்பெயரை விட்டுவிட்டு அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அந்த வெண்கலச் சிலையில் இருப்பவரின் பெயர் பிராச்சோ டி பார்தோலோ.