பிசையும் பொறியும் பிசைந்த கைகளும்

கனத்த அடித்தளம், முன்னே வளைந்து நீண்ட தலை, அதன் கீழே பளபளக்கும் எஃகுக் கிண்ணம். ஸ்டாண்ட் மிக்சர் எனப்படும் இப்பொறி அமெரிக்கச் சமையலறை மேடைகளில் நெடுங்காலமாக நிற்கிறது. பெயரைக் கேட்டதும் நம் வீட்டு மிக்சியை நினைத்துவிடலாகாது. நம்முடையது அரைக்கும் பொறி. இதுவோ ரொட்டி மாவைப் பிசையும். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கும். முட்டையை நுரை பொங்க அடிக்கும். வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் சுடத் தொடங்கியவரை இதன்மீது எழும் ஆசை என்றாவது ஒருநாள் தொட்டே தீர்கிறது. மாதத்திற்கு ஒருமுறை அடுப்பை மூட்டுகிறவரும், இது மட்டும் இருந்தால் வாரந்தோறும் சுடுவேனே என்று தம் மனத்தோடு பேரம் பேசுகிறார். அந்தப் பேரத்தின் வரலாற்றைச் சிறிது தேடிப் பார்ப்போம்.

மாவையும் முட்டையையும் பதப்படுத்துவது முன்னாளில் உடல் வருத்தும் வேலை. 1747இல் இலண்டனில் ஹன்னா கிளாஸ் அம்மையார் வெளியிட்ட சமையல் நூல், பவுண்டு கேக்கின் கலவையைக் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறது. 1824இல் மேரி ராண்டால்ஃப் எழுதிய வர்ஜீனிய நாட்டுச் சமையல் நூல், ஒருவகைச் சிற்றப்பத்தின் மாவை உலக்கையால் அரை மணி நேரம் இடிக்கச் சொல்கிறது. எழுதுவது எளிது. அந்த ஒரு மணி நேரம் யாருடைய தோளில் ஏறியது? வசதி படைத்த இலண்டன் வீடுகளில் பணிப்பெண்ணின் தோளில். வர்ஜீனியப் பெருமனைகளில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்ணின் தோளில். மேசையில் அமர்ந்து பண்டத்தின் மென்மையைப் புகழ்ந்தவர்கள் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். பிசையும் பொறியை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நமக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

1870இல் டர்னர் வில்லியம்ஸ் என்பவர், இரண்டு துடுப்புகள் ஒன்றனுள் ஒன்று புகுந்து சுழலும் முட்டை அடிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் போதும். இதனால் வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் வேறொரு விளைவைச் சுட்டுகிறார். அடிப்பது எளிதானதும், முட்டை நுரையை மட்டுமே நம்பி எழும்பும் ஏஞ்சல் கேக் போன்றவை பரவலாயின. கருவி மிச்சப்படுத்திய நேரத்தைப் புதிய பண்டம் விழுங்கிவிட்டது. பெயரில் வானதூதர் இருந்தாலும் அடித்தவர் என்னவோ வீட்டுப் பெண்தான்.

மின்சாரப் பொறி பிறந்த இடம் வீடு அன்று, ரொட்டிக் கடை. ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரின் ஹோபார்ட் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர் இருந்தார். 1908இல், ரொட்டிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைப் புரட்டி அல்லலுறுவதை அவர் கண்டார் என்பது அந்நிறுவனம் சொல்லும் வரலாறு. 1915ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளும் பெரும்பொறி ரொட்டிக் கடைகளுக்கு வந்துவிட்டது. பின்னர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையற்கூடங்களிலும் ஏறியது. இதன் நுட்பம் அழகானது. கிண்ணம் அசையாது நிற்கும். துடுப்பு தன்னைத் தானே ஒரு திசையில் சுற்றிக்கொண்டு, கிண்ணத்தின் உள்ளே எதிர்த்திசையில் வலம் வரும். கதிரவனை வலம் வரும் கோளைப்போல் இயங்குவதால் இதற்குக் கோள் இயக்கம் என்று பெயர். கிண்ணத்தின் எந்த மூலையிலும் மாவு தப்பமுடியாது.

1919இல் இதே பொறி உருவில் சுருங்கி, கிச்சன்எய்ட் என்ற பெயருடன் வீட்டுக்கு வந்தது. சுருங்கியது என்றாலும் எடை ஏறத்தாழ 30 கிலோ. விலை 189 டாலர் 50 சென்ட். அவ்வாண்டு ஃபோர்டு தொழிற்சாலை அளித்த புகழ்பெற்ற நாட்கூலி 6 டாலர். அப்படியானால், நல்ல கூலி பெற்ற தொழிலாளி ஒருவர் உண்ணாமல் உடுத்தாமல் 32 நாள் உழைத்தால்தான் இப்பொறியை வாங்கியிருக்கமுடியும். கடைக்காரர்கள் தயங்கினார்கள். ஆகவே நிறுவனம் விற்பனையாளர்களை வீடுவீடாக அனுப்பியது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இத்தனை கனத்தைச் சுமந்து, பிறர் வீட்டு மேசையில் ஏற்றி, இயக்கிக் காட்டி விற்றார்கள். உழைப்பைக் குறைக்கும் பொறியை விற்க அவர்கள் பட்ட உழைப்பைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

அக்காலத்தில் நடுத்தர அமெரிக்க வீடுகளில் பணிப்பெண்கள் அருகி வந்தார்கள். விலகிய கைகளின் இடத்தில் பொறிகள் வந்தன. ஆயினும் இல்லத்தரசியின் சுமை இறங்கியதா? 1974இல் ஆய்வாளர் ஜோன் வானெக் வெளியிட்ட கணக்கு வியப்பளிப்பது. வெளியே வேலைக்குச் செல்லாத பெண்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் 1924இல் வாரத்திற்கு ஏறத்தாழ 52 மணி. 1960களில் 55 மணி. முன்பு இரண்டு பெண்கள் பங்கிட்ட வேலை ஒருத்தியிடம் சேர்ந்தது. எதிர்பார்ப்பும் கூடியது.

1937இல் எக்மண்ட் ஏரன்ஸ் என்ற வடிவமைப்பாளர் அப்பொறிக்கு வழவழப்பான புதிய உருக் கொடுத்தார். பெருமளவு மாறாமல் இன்றும் நீடிப்பது அவ்வுருவே. 1955இல் இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணங்கள் வந்தன. ஆசையின் தன்மை மாறியது இங்கேதான் என்பது நம் கருத்து. பிசைவதற்கு வண்ணம் எதற்கு? பேழைக்குள் மறைந்திருந்த கருவி இப்போது மேடைமேல் நின்று, இந்த வீட்டில் அன்போடு சமைக்கிறார்கள் என்று விருந்தினருக்குப் பறைசாற்றும் அடையாளமாயிற்று. சுடாத நாள்களிலும் அது அப்படியே நின்று பறைசாற்றிக்கொண்டிருக்கும்.

பொறி வந்ததும் எவையெல்லாம் கைமாறுகின்றன என்பதற்கு நம் திருப்பீடத்திற்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் நற்கருணை அப்பங்களைச் சுடுவது பெரும்பாலும் துறவற இல்லத்துச் சகோதரிகளின் பணியாக இருந்தது. 1940களில் ரோட் தீவு மாநிலத்துக் கவனா குடும்பத்தார், பழைய கருவிகளோடு சகோதரிகள் படும் பாட்டைக் கண்டு, கலக்கும் பொறியும் சுடும் பொறியும் செய்து கொடுத்தார்கள். பின்னர் அவர்களே அப்பம் சுடவும் தொடங்கினார்கள். காலப்போக்கில் அந்நாட்டு அப்பங்களில் பெரும்பகுதி அவர்களுடைய ஆலையிலிருந்தே வரலாயிற்று. மடங்கள் பல அப்பணியைக் கைவிட்டன. மிசூரி மாநிலத்துக் கிளைடு ஊரில் 1910 முதல் அப்பம் சுட்டுவரும் ஆசீர்வாதப்பர் சபைச் சகோதரிகளோ பொறிகளையும் ஏற்று, பணியையும் விடாது காத்தார்கள். இதில் எவரையும் குறைகூற நமக்கு வழியில்லை. உதவி செய்யத்தான் அக்குடும்பத்தார் வந்தார்கள்.

அச்சகோதரிகளின் தந்தையாகிய புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கு இங்கு நினைவுக்கு வருகிறது. மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் திருக்கலங்களைப்போல் எண்ணவேண்டும் என்று பண்டகக் காப்பாளருக்கு அவர் கட்டளையிடுகிறார். சமையற்கட்டுப் பணி முறைவைத்து எல்லாருக்கும் வருகிறது. வாரம் முடிந்ததும் கருவிகளைத் தூய்மையாக்கித் திருப்பித் தரவேண்டும். பொருளை இழிவாக எண்ணும் துறவு அவருடையதன்று. தூசி படிந்து நிற்கும் விலையுயர்ந்த பொறியைக் கண்டால், அவர் வாங்கியதற்காகக் கடிவதைவிடப் பயன்படுத்தாததற்காகவே கூடுதலாகக் கடிந்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், மேலான வாழ்வை விரும்புவது தவறில்லை என்கிறார். உடைமை பெருகினாலே வாழ்வு மேலானதாகிவிடும் என்று கருதும் போக்கைத்தான் அவர் கண்டிக்கிறார்.

இனி, வாங்குவதா வேண்டாமா என்று தவிப்பவருக்கு அண்மை வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. நியூயார்க் ரொட்டிக் கலைஞர் ஜிம் லேஹியின் பிசையாத ரொட்டி முறையை 2006 நவம்பரில் அந்நகர நாளிதழ் ஒன்று வெளியிட்டது. மாவு, நீர், உப்பு, கால் தேக்கரண்டிக்கு மேற்படாத ஈஸ்ட். கரண்டியால் கலந்து 12 முதல் 18 மணி நேரம் விட்டுவைத்தால், கோதுமையின் புரதம் ஈரத்தில் தானே பிணைந்து வலையாகிவிடும். பிசைதலால் வரவேண்டியது காத்திருத்தலால் வருகிறது. கேக்கிற்கு இது உதவாது. முட்டை நுரை காத்திருந்தால் அடங்கிவிடும். வாரந்தோறும் பத்துப் பேருக்குச் சுடுகிறவரும், மூட்டுவலியால் விரல் மடங்காதவரும் பொறியைத் தயங்காமல் வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ரொட்டி மட்டும் வேண்டுவோர் சனி மாலையில் மாவைக் கலந்து, ஈரத்துணியால் மூடிவைத்து, உறங்கப் போகலாம்.