அழற்சி என்னும் மாறுவேடம்

கடனாநதிக் கரையிலுள்ள ஆழ்வார்குறிச்சி போன்ற ஊர்களில் பெண்களுக்கு மார்பு சிவந்து வீங்கினால், 'பால் கட்டியிருக்கும்' என்று பற்றுப் போடுவதே முதல் வைத்தியம். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியானதே. ஆனால் மிக அரிதாக, அந்தச் சிவப்புக்குள் அழற்சி மார்பகப் புற்றுநோய் ஒளிந்திருக்கும். மருத்துவர்களையே நெடுங்காலம் ஏமாற்றிய நோய் இது.

மார்புக் கட்டியின்மேல் தோல் ஊதா நிறங்கொண்டு, குத்துவலியும் சேர்ந்தால் அது நல்ல தொடக்கமன்று என 1814இல் சார்லஸ் பெல் எழுதினார். 1924இல் லீ, டானன்பாம் ஆகியோர் 'அழற்சிப் புற்று' என்ற பெயரைத் தந்தனர். உண்மையில் அங்கே நிகழ்வது வழக்கமான அழற்சியன்று. புற்றணுக்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிட, நீர் தேங்கி மார்பு வீங்குகிறது. தோல் நார்த்தங்காய்த் தோல்போலக் குழிகுழியாகிறது. பல சமயம் கைக்குத் தட்டுப்படும் கட்டி இராது, மேமோகிராமிலும் தப்பிவிடக்கூடும்.

இவ்வகையை அறுவைக்கு உகந்ததன்று என 1943இல் ஹாகன்சனும் ஸ்டவுட்டும் வகுத்தனர். கத்தியை மட்டும் நம்பிய அக்காலத்தில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 1970களில் சிகிச்சையின் வரிசை மாறியது: முதலில் மருந்து, பிறகு அறுவை, அதன்பின் கதிர்வீச்சு. அந்த வரிசைமாற்றமே பலருக்கு ஆயுளை நீட்டியது.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு முயற்சி நடந்தது. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். 1957இல் அங்கே கோபால்ட் கதிர்க்கருவி வந்தது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் பணியில் சேர்ந்த சாந்தாவும், முற்றிய மார்பகப் புற்றுக்கு அறுவைக்கு முன்னரே மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்துத் தரும் முறையை வளர்த்தெடுத்தனர். முற்றிய நிலையில் வந்து சேர்பவர்களே மிகுதியாக இருந்த நாட்டில், அவர்களைக் கைவிட அவ்விருவரும் மறுத்தார்கள் என்பதே இதன் பொருள்.

இன்று ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகளும் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டன. எனினும் இந்நோய் வாரக்கணக்கில் பரவவல்லது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்து ஒருவாரம், பத்து நாள்களில் சிவப்பு வடியாவிட்டால், தோலிலிருந்தும் மார்பிலிருந்தும் சிறு துண்டெடுத்துச் சோதிப்பதே முறை. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு ஒரே நாளில் போய்வரலாம். 'பால் கட்டுதானே' என்று வீட்டிலேயே கழியும் மாதங்கள்தாம் உயிரைக் குடிக்கின்றன.