125 டெஸ்ட், ஒரு உலகக் கோப்பை, ரத்தான ஒரு ட்ரை: ஆரோன் ஸ்மித்தை ரக்பி ரசிகர்கள் எப்படி எடை போடுகிறார்கள்?

2023 அக்டோபர் 28. பாரிஸ் அருகே உள்ள ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானம். ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். 54-வது நிமிடத்தில் நியூசிலாந்தின் 9-ம் நம்பர் வீரர் ஆரோன் ஸ்மித் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து பந்தைத் தரையில் வைக்கிறார். ட்ரை! சக வீரர்கள் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறார்கள்.

ஆனால் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. வீடியோ அம்பயர் ரீப்ளேவைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்பே பந்து கை தவறி முன்னால் போயிருக்கிறது என்கிறார். ட்ரை ரத்து. ஆட்டம் முடிந்தபோது தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. ஒரே ஒரு பாயிண்ட்.

அதுதான் ஸ்மித்தின் கடைசி சர்வதேசப் போட்டி. அன்றிலிருந்து ரசிகர்களிடையே ஒரு விவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரக்பி பார்த்த மிகச் சிறந்த ஹாஃப்-பேக் இவர்தானா? அல்லது நல்ல அணியில் இடம் கிடைத்த நல்ல வீரர், அவ்வளவுதானா?

யார் இந்த ஆரோன் ஸ்மித்?

1988 நவம்பரில் நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் நகரில் பிறந்தவர். பக்கத்தில் உள்ள ஃபீல்டிங் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். ரக்பி முழுநேர வேலையாக மாறுவதற்கு முன்பு அவர் முறையாகக் கற்றுக்கொண்ட தொழில் முடிதிருத்தம். ஆமா, சலூன் வேலைதான்.

உயரம் 171 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை என்று ஆட்கள் நிற்கும் விளையாட்டில் இது ரொம்பச் சின்ன உருவம். 2011-ல் டுனெடின் நகரைச் சேர்ந்த ஹைலேண்டர்ஸ் அணிக்கு வந்தார். அடுத்த வருடமே, 2012 ஜூன் 9-ல், அயர்லாந்துக்கு எதிராக நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் ஜெர்சியை அணிந்தார். அந்தப் போட்டியில் நியூசிலாந்து 42-10 என்று ஜெயித்தது.

அடுத்த 11 வருடங்களுக்கு அந்த 9-ம் நம்பர் ஜெர்சி பெரும்பாலும் அவரிடமே இருந்தது. மொத்தம் 125 டெஸ்ட். ஓய்வு பெறும்போது நியூசிலாந்தின் பின்வரிசை வீரர்களில் அதிக டெஸ்ட் ஆடியவர் அவர்தான். பிறகு பியூடன் பாரெட் அதைத் தாண்டினார். ஆனால் நியூசிலாந்து ஹாஃப்-பேக்குகளில் இன்றும் ஸ்மித்தான் முதலிடம்.

ஹாஃப்-பேக் என்ன வேலை செய்கிறார்?

இதைப் புரிந்துகொண்டால்தான் விவாதமே புரியும்.

ரக்பி யூனியனில் ஒரு அணிக்கு 15 பேர். முன்வரிசையில் 8 பேர். முட்டி மோதி பந்தைக் கைப்பற்றுவது இவர்கள் வேலை. பின்வரிசையில் 7 பேர். ஓடி, பாஸ் செய்து, பாயிண்ட் எடுப்பது இவர்கள் வேலை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பாலமாக நிற்பவர்தான் 9-ம் நம்பர். நியூசிலாந்தில் இவருக்கு ஹாஃப்-பேக் என்று பெயர். மற்ற பல நாடுகளில் ஸ்க்ரம்-ஹாஃப் என்பார்கள்.

ஒரு வீரரை எதிரணி மடக்கிக் கீழே தள்ளியதும், பந்துக்கு மேலே இரு அணியினரும் நின்று தள்ளிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் ரக். அதன் பின்னால் ஓடி வந்து, குனிந்து, பந்தை எடுத்து அடுத்த ஆளுக்கு அனுப்புவது ஹாஃப்-பேக். பாஸ் செய்வதா, உதைப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுப்பதும் அவர்தான். பந்து கிடைத்த பிறகு நேரம் கடத்தினால், ரெஃப்ரி குரல் கொடுத்த 5 நொடிக்குள் விளையாடியாக வேண்டும். இதே வேலை ஒரு மேட்ச்சில் திரும்பத் திரும்ப நடக்கும்.

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை எப்போது கவனிக்கிறோம்? கேட்ச் விட்டால்தான். ஹாஃப்-பேக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேலையைச் சரியாகச் செய்தால் கைதட்டல் வேறு ஒருவருக்குப் போகும்.

'அவர்தான் பெஸ்ட்': ஆதரவாளர்கள் சொல்வது என்ன?

முதல் காரணம், அவரது பாஸ். பல ஹாஃப்-பேக்குகள் பந்தை எடுத்ததும் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, பிறகு வீசுவார்கள். ஸ்மித் தரையில் இருந்தே ஒரே வீச்சில் அனுப்புவார். இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும் அதே வேகம், அதே நீளம்.

இதில் மிச்சமாவது ஒரு நொடியில் சிறு பகுதிதான். ஆனால் அந்த நேரத்துக்குள் எதிரணித் தடுப்பு வரிசை பாய்ந்து வந்துவிடும். பந்து சீக்கிரம் வந்தால், 10-ம் நம்பர் வீரருக்குத் தலை நிமிர்ந்து பார்க்க, யோசிக்க, ஆளைத் தேர்வு செய்ய நேரம் கிடைக்கும். ஸ்மித் கொடுத்தது பாஸ் மட்டுமில்லை, நேரமும்தான் என்கிறார்கள் ரசிகர்கள்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 2012 முதல் 2017 வரை ஆறு வருடமும் உலகின் சிறந்த ரக்பி வீரர் விருதை நியூசிலாந்து வீரர்களே வாங்கினார்கள். அதில் நான்கு முறை விருது போனது, ஸ்மித்திடம் பந்தை வாங்கி ஆடும் 10-ம் நம்பர் வீரர்களுக்கு. 2012, 2015-ல் டான் கார்ட்டர். 2016, 2017-ல் பியூடன் பாரெட். ஸ்மித்துக்கு அந்த விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

அவருக்கு அடுத்து நின்று ஆடிய 10-ம் நம்பர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: கார்ட்டர், ஆரோன் க்ரூடன், பாரெட், ரிச்சி மோவுங்கா. கோச்சும் ஸ்டீவ் ஹேன்சனில் இருந்து இயன் ஃபாஸ்டருக்கு மாறினார். 9-ம் நம்பரில் ஸ்மித் மட்டும் மாறவில்லை. டிஜே பெரெனாரா போன்ற திறமைசாலியே பல வருடம் பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோப்பைகளும் குறைவில்லை. 2013-ல் நியூசிலாந்து ஆடிய 14 டெஸ்ட்டிலும் வெற்றி. 2015-ல் ஹைலேண்டர்ஸ் அணிக்கு முதல் சூப்பர் ரக்பி பட்டம். அதே வருடம் அக்டோபரில் ஆஸ்திரேலியாவை 34-17 என்று வீழ்த்தி உலகக் கோப்பை. அந்தக் கோப்பையைத் தொடர்ந்து இரண்டு முறை வென்ற முதல் நாடு நியூசிலாந்துதான்.

'கொஞ்சம் பொறுங்க': மறுப்பவர்கள் சொல்வது என்ன?

முதல் வாதம் எளிமையானது. முன்வரிசை ஜெயித்துக் கொடுத்தால் எந்த ஹாஃப்-பேக்கும் நன்றாகத்தான் தெரிவார். ரிச்சி மெக்காவ், கீரன் ரீட், பிராடி ரெட்டாலிக் முன்னால் உழைத்த காலத்தில் ஸ்மித்துக்குச் சுத்தமான பந்து கிடைத்தது. 2019 உலகக் கோப்பை செமி ஃபைனலில் இங்கிலாந்து முன்வரிசை ஆதிக்கம் செலுத்தியது. நியூசிலாந்து 19-7 என்று தோற்றது. ஸ்மித்தின் வேகம் அன்று எடுபடவில்லை.

இரண்டாவது, கடைசிக் காலம். 2020-ல் அர்ஜென்டினாவிடம் வரலாற்றில் முதல் தோல்வி. 2022-ல் சொந்த மண்ணிலேயே அயர்லாந்திடம் தொடரை இழந்தது. இந்தச் சரிவில் மூத்த வீரர்களுக்கும் பங்கு உண்டுதானே என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது, மைதானத்துக்கு வெளியே. 2016-ல் அணிப் பயணத்தின்போது ஒரு விமான நிலையத்தில் அவர் நடந்துகொண்ட விதம் பெரும் சர்ச்சையானது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்டில் ஆட முடியாமல் நாடு திரும்பினார். 'அதோடு முடிந்தது' என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அதன் பிறகும் ஏழு வருடம் ஆடினார். அணியின் ஹாகா நடனத்தை முன்னின்று நடத்துபவராகவும் ஆனார். சிலர் இதை மீண்டு வந்ததாகப் பார்க்கிறார்கள். சிலர் அந்தத் தவறை இன்றும் கணக்கில் வைக்கிறார்கள்.

மற்ற ஜாம்பவான்களோடு ஒப்பிட்டால்?

கரேத் எட்வர்ட்ஸ் (வேல்ஸ்): 1967 முதல் 1978 வரை ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 53 டெஸ்ட். பழைய தலைமுறையின் தேர்வு இவர்தான்.

ஜார்ஜ் கிரேகன் (ஆஸ்திரேலியா): 139 டெஸ்ட், 1999 உலகக் கோப்பை. எண்ணிக்கையில் ஸ்மித்தைவிட மேலே.

ஃபாஃப் டி கிளர்க் (தென்னாப்பிரிக்கா): 2019, 2023 என இரண்டு உலகக் கோப்பை. ஸ்மித்தின் கடைசிப் போட்டியில் எதிரே நின்ற 9-ம் நம்பர் இவர்தான்.

ஆந்த்வான் டுபோன் (ஃபிரான்ஸ்): 2021-ல் உலகின் சிறந்த வீரர். 2024 ஒலிம்பிக்கில் 7 பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில் தங்கம். ஓட்டம், உதை, தடுப்பு எல்லாமே தெரிந்த இவரைத்தான் இளம் ரசிகர்கள் முதலிடத்தில் வைக்கிறார்கள்.

அப்போ ஸ்மித்? டுபோன் பந்தோடு தானே ஓடி ஆட்டத்தை உடைப்பவர். ஸ்மித் மற்றவர்கள் உடைப்பதற்கு வழி செய்பவர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது கஷ்டம். சுத்தமான பாஸ் மட்டும் போதும் என்று கேட்டால், பல ரசிகர்கள் இன்றும் ஸ்மித் பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்த ட்ரை ஏன் இன்னும் பேசப்படுகிறது?

பந்து முன்னால் போனது ரீப்ளேவில் தெரிந்தது உண்மை. ஆர்டி சாவியா லைன்-அவுட்டில் பந்தைப் பிடிக்க முயன்றபோது அது நடந்தது. ஆனால் அன்றைய விதிமுறைப்படி, இந்த மாதிரித் தவறுக்காக வீடியோ அம்பயர் ட்ரைக்கு முந்தைய 2 கட்டங்கள் வரைதான் பின்னோக்கிப் போகலாம். இந்தச் சம்பவம் அதைவிட முன்னால் நடந்தது. தவறு நடந்தது சரி, ஆனால் அதைத் தேடிப் போக அனுமதி இருந்ததா? இதுதான் நியூசிலாந்து ரசிகர்களின் ஆதங்கம்.

எதிர்த்தரப்பும் ஒன்றைச் சொல்கிறது. நான்கு நிமிடம் கழித்து பாரெட் ட்ரை போட்டார். கோலுக்கு அடித்த இரண்டு உதைகளை நியூசிலாந்து தவறவிட்டது. கேப்டன் சாம் கேன் ரெட் கார்டு வாங்கியதால் ஆட்டத்தின் பெரும்பகுதி 14 பேரோடுதான் ஆடியது. தோல்விக்கு ஒரு முடிவு மட்டும் காரணம் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. அந்த ஃபைனலுக்கு ஒரு மாதம் முன்பு இத்தாலிக்கு எதிராக நியூசிலாந்து 96-17 என்று ஜெயித்தபோது, 34 வயது ஸ்மித் ஹாட்ரிக் ட்ரை போட்டார். அணியில் இடம் பழைய பெயருக்காகக் கிடைத்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக என்ன முடிவு?

கோப்பையை எண்ணினால் டி கிளர்க் முன்னால். டெஸ்ட்டை எண்ணினால் கிரேகன். தனி ஆளாக மேட்ச்சைத் திருப்புவதில் டுபோன். ஆனால் ஹாஃப்-பேக்கின் அடிப்படை வேலை என்ன என்று கேட்டால், அடுத்தவர் கையில் பந்தைச் சரியாக, சீக்கிரமாகச் சேர்ப்பது. அதை 11 வருடம், 125 டெஸ்ட், நான்கு 10-ம் நம்பர் வீரர்களுக்கு ஸ்மித் செய்தார். ரத்தான அந்த ட்ரை கணக்கில் சேர்ந்திருந்தாலும், அவர் சாதனைப் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கும். அவரைப் பற்றிய மதிப்பீடு பெரிதாக மாறியிருக்காது.