ஒற்றைப் பிரதியின் விலை: பழைய புத்தகச் சந்தையும் சங்கிலித் தொடர் கடைகளும்

பழைய பொருள் வாங்குவது பற்றிய பேச்சு நம்மிடையே சிக்கனத்தில் தொடங்கிச் சிக்கனத்திலேயே முடிந்துவிடுகிறது. கையில் காசு குறைந்தவர் நடைபாதைக்குப் போகிறார், வசதி உள்ளவர் குளிரூட்டிய பெரிய கடைக்குப் போகிறார் என்பது ஒரு கணக்கு. பழையதை வாங்கினால் குப்பை குறையும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டிலும் பிழையில்லை. ஆனால் விற்கும் பொருள் இன்னதென்று கண்டறியும் உழைப்பு யாருடையது என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை. சங்கிலித் தொடர் கடை அந்த உழைப்பு முழுவதையும் நிறுவனத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. வாங்குபவர் பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருந்தாலும் அங்கே வணிகம் தடையின்றி நடக்கும். பழைய பொருள் சந்தையிலோ அந்த உழைப்பு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பங்காகிறது. அப்படிப் பங்கிடப்பட்ட அறிவுதான் தமிழ் அச்சு வரலாற்றின் பெரும்பகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தது என்பதைச் சென்னையின் பழைய புத்தக வணிகத்தைக் கொண்டு நிறுவ முயல்கிறேன்.

அந்த வணிகத்தின் தலைநகரமாக மூர் மார்க்கெட் விளங்கியது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார்; 1900இல் சந்தை திறக்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் கிராமபோன் இசைத்தட்டு, பழைய நாணயம், வளர்ப்புப் பறவை எனப் பலதும் விற்றாலும் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் அதை நினைவில் வைத்திருப்பது புத்தகங்களுக்காகத்தான். 1985இல் தீ அதை விழுங்கியது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. வணிகர்களில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையும் மயிலாப்பூரில் லஸ் பகுதியும் பழைய புத்தகத்துக்கு இன்றும் பேர்போனவை. ஆனால் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான கடைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இயங்கியபோது உருவாகியிருந்த அறிவு வலைப்பின்னல் மீண்டும் அந்த அளவில் உருவாகவில்லை. தீயில் எரிந்த புத்தகங்களைவிட இதைப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

பழைய பொருள் சந்தை பற்றிப் பொருளியலில் மிகுதியும் பேசப்படும் கட்டுரை, ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் வெளியிட்டது. பழைய கார் விற்பவருக்கு அதன் கோளாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைந்த விலையே சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையைவிட்டே விலகுவார் என்பது அவர் வாதம். பழைய புத்தகச் சந்தையில் இந்தச் சமமின்மை தலைகீழாக இருக்கிறது. கடைக்காரர் மூட்டையை எடைக்கு வாங்கியவர். உள்ளே இருப்பது முதல் பதிப்பா, பத்தாவது பதிப்பா என்பது பெரும்பாலும் வாங்குபவருக்கே தெரியும். புத்தகத்தின் கோளாறும் ஒளிந்திருப்பதில்லை. பக்கம் குறைகிறதா, செல்லரித்திருக்கிறதா என்பதைப் புரட்டிப் பார்த்தால் போதும். அகர்லோஃப் சொன்ன அவநம்பிக்கை இங்கே சந்தையைக் குலைக்காததற்குக் காரணம் இதுவே.

மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1978இல் எழுதிய கட்டுரையில் வேறொன்றைக் கவனப்படுத்தினார். ஒரே மாதிரியான பொருள் விற்கும் இடத்தில் பல கடை ஏறி இறங்கி விலை விசாரிப்பது பயன் தரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் இடத்தில் ஒரே ஆளிடம் நின்று துருவிக் கேட்பதுதான் பயன் தரும். அதனால்தான் அங்கே வாடிக்கை உறவு வலுப்படுகிறது. பேரத்தை வெறும் சாமர்த்தியமாகப் பார்க்கும் நம் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

பேரம் நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். தேர்ந்த வாசகர் தனக்கு வேண்டிய புத்தகத்தை முதலில் கையில் எடுத்து விலை கேட்பதில்லை. வேண்டாத இரண்டு மூன்றை எடுத்து, நடுவில் அதைச் செருகி, “மொத்தமா எவ்வளவு?” என்கிறார். கடைக்காரரோ அவர் கண்ணையும் விரலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே புத்தகத்துக்கு இரண்டாம் முறை கை போனால் விலை ஏறிவிடும். “அது மட்டும் தனி சார், அந்தப் புக்கு இப்ப வர்றதில்ல” என்று அவர் சொல்லும்போது, அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் அவருக்கு முன்பு வந்துபோன வாசகர்கள்தாம். யார் எதைத் தேடினார்கள், எதை வைத்துவிட்டுப் போக மனமில்லாமல் நின்றார்கள் என்று பார்த்துப் பார்த்தே எந்தப் பதிப்பகத்துக்கு மதிப்பு, எந்த ஆண்டுக்கு முந்தைய அகராதி விலைபோகும் என்று அவர் தெரிந்துகொள்கிறார். பள்ளிப் படிப்பு முடிக்காத ஒருவர் தமிழ் நூற்பதிப்பு வரலாற்றில் தேர்ச்சி பெறுவது இவ்வாறே. அடுத்த முறை அதே வாசகர் வரும்போது, “உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்” என்று அடியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். வாசகரின் தேடலும் வணிகரின் நினைவும் அந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன.

இந்த அறிவுக்கு எட்டுவதும் சங்கிலித் தொடர் கடைக்கு எட்டாததும் எவை என்பதற்கு, பைண்டு செய்யப்பட்ட தொடர்கதையைவிட நல்ல சான்று கிடையாது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் மணியம் படங்களோடு ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாரந்தோறும் தாளைக் கத்தரித்து வைத்துத் தைத்த குடும்பங்கள் ஏராளம். அந்தத் தொகுதி இன்று நடைபாதைக்கு வந்தால் அதில் இருப்பது நாவல் மட்டுமா? அத்தியாயத்தின் பின்பக்கத்தில் அந்த வாரத்து விளம்பரம் இருக்கிறது. துணுக்கு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. காலிகோ முதுகில் பைண்டர் ஒட்டிய தலைப்பு மங்கிக் கிடக்கிறது. முதல் பக்கத்தில் மசிப்பேனாவால் உரிமையாளர் பெயரும் இரவல் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ் வாசிப்பின் வரலாற்றை எழுதுபவருக்கு அச்சில் கிடைக்கும் புதுப்பதிப்பு இவற்றில் எதையும் தராது.

சங்கிலித் தொடர் புத்தகக் கடையின் கணினிக்கு இப்படி ஒரு பொருள் உலகில் இருப்பதே தெரியாது. 2007 முதல் 13 இலக்கமாகிவிட்ட சர்வதேச நூல் எண்ணோ, பார்கோடோ, அச்சிட்ட விலையோ இல்லாத ஒன்றை அது பதிவுசெய்ய முடியாது. பத்துக் கிளைக்கும் ஒரே நூல் ஒரே விலையில் போகவேண்டும். விற்காதது பதிப்பகத்துக்குத் திரும்பவேண்டும். ஒற்றைப் பிரதிக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. ஊழியர்களின் திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரேமாதிரித் தன்மையிலிருந்து லாபம் பெறும் அமைப்பு ஒவ்வொன்றும் வேறான பொருளைக் கையாளவே முடியாது. சந்தையின் கவர்ச்சி பெரிய நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. 2001இல் பிக் பஜாரைத் தொடங்கிய கிஷோர் பியானி, இந்திய வாடிக்கையாளர் நெரிசலிலும் குவியலிலும்தான் இயல்பாக உணர்கிறார் என்று கருதித் தம் கடைகளை வேண்டுமென்றே அப்படி அமைத்தார். பழைய சாமான் கொண்டுவந்தால் கூப்பன் என்ற திட்டமும் அங்கே இருந்தது. ஆனால் எடைபோட்டு வாங்கிய பழையதில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க அங்கே ஆள் தேவைப்படவில்லை.

அரிய நூல்கள் பழைய புத்தகக் கடையின் பிழைப்பு அல்ல. கல்வியாண்டு தொடக்கத்தில் விற்கும் பாடநூலும் கைடும் இன்ஜினியரிங் புத்தகமுமே அதன் சோறு. பாதி விலைக்கு வாங்கிப் படித்து, திருப்பிக் கொடுத்து, கிடைக்கும் தொகையில் அடுத்த செமஸ்டர் புத்தகம் வாங்கும் மாணவர்தான் அந்தக் கடையை நிறுத்திவைத்திருப்பவர். ஆய்வாளருக்குக் கிடைக்கும் அரிய பிரதி, அந்த மாணவர் தரும் வருமானத்தின் நிழலில் காத்துக் கிடக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்றை எளிதில் தள்ள முடியாது. 1852இல் பாரிஸின் பான் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டிட் பூசிகோ விலையை எழுதி ஒட்டியபோது, யார் வந்தாலும் ஒரே விலை என்ற சமத்துவமும் வணிகத்துக்குள் வந்தது. பேரத்தில் சட்டையைப் பார்த்தும் பேச்சைப் பார்த்தும் விலை மாறுகிறது. கூச்சமுள்ளவரும் ஊருக்குப் புதியவரும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். நடைபாதையில் குனிந்து அரைமணி நேரம் புத்தகம் தேடுவது ஆணுக்கு இயல்பாகிவிட்ட அளவுக்குப் பெண்ணுக்கு ஆகவில்லை. 1987இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லேண்ட்மார்க் போன்ற கடைகளில் பெண்கள் யார் பார்வைக்கும் கூசாமல் நின்று புரட்ட முடிந்தது. அதைச் சிறிய சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். எழுதியவருக்குப் பழைய பிரதியின் விற்பனையில் ஒரு பைசாவும் போவதில்லை என்பதும் உண்மை. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளைப் பதிப்புரிமைச் சட்டம், 1957 உரிமையாளரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே வைத்துவிட்டது. எனினும் ஒரு நூலாசிரியரைப் பதிப்பில் இல்லாத காலத்திலும் படிக்கவைப்பது அந்தப் பழைய பிரதிதான். பின்னாளைய மறுபதிப்புகள் பலவற்றுக்கு மூலப்படி கிடைத்ததும் அவ்வழியேதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு இந்த வாதத்தின் வலுவான சான்று. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் அதை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் எண்ணிக்கை கொண்ட அந்தச் சேகரிப்பில் நாடக நோட்டீசும் திருமண அழைப்பிதழும் பாட்டுப் புத்தகமும் உண்டு. அக்கால நூலகம் எதுவும் பொருட்படுத்தியிராத தாள்கள் அவை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை வைத்து ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதியபோதுதான் அவற்றின் வரலாற்று மதிப்பு பலருக்குத் தெரியவந்தது. குப்பைக்கும் ஆவணத்துக்கும் இடையில் ஒரு பொருள் பல பத்தாண்டுகள் காத்திருக்கவேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கு இடம் கொடுப்பது பழைய பொருள் சந்தை ஒன்றுதான். மாதக் கணக்கில் விற்பனையைப் பார்க்கும் அலமாரியால் அது முடியாது.

ஆகவே இதைத் தனிமனித ரசனைக்கு விட்டுவிட முடியாது. நகரத் திட்டத்திலும் இது இடம்பெற வேண்டும். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்துவரும் ‘இயற்கைச் சந்தை’களை, அதாவது விற்பவரும் வாங்குபவரும் மரபாகக் கூடும் இடங்களை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக்கூடாது என்ற கொள்கையைத் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஆயினும் 1960களிலிருந்து டெல்லி தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் கூடிய புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டிய உயர் நீதிமன்ற உத்தரவால் 2019 ஜூலையில் அகற்றப்பட்டது. செப்டம்பரில் அது மகிளா ஹாட் வளாகத்துக்குள் இடம் பெற்றது. வேலியும் வாயிலும் உள்ள இடத்தில் வாடிக்கையாளர் வருவார், வழிப்போக்கர் வரமாட்டார். தேடி வராதவர் கையில் தற்செயலாகப் புத்தகம் விழுவது நடைபாதையில் மட்டுமே நடக்கும்.

சென்னையில் பைகிராப்ட்ஸ் சாலையையும் லஸ் பகுதியையும் இந்தக் கண்கொண்டு ஆவணப்படுத்தி, அதே சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவின் முன் வைக்கவேண்டும். கூடவே நூலகக் கொள்முதல் விதியும் மாறவேண்டும். அரசு நிதியில் இயங்கும் நூலகம் பொதுவாக விலைப்புள்ளி கேட்டு, பில் பெற்றே வாங்கவேண்டியிருக்கிறது. ஒற்றைப் பிரதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது விலைப்புள்ளி எங்கிருந்து வரும்? ஆய்வு நூலகங்களின் ஆண்டு நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நூலகர் தம் கையெழுத்தின் பொறுப்பில் நடைபாதையிலும் பழைய பேப்பர் கடையிலும் நேரடியாக வாங்கலாம் என்று ஓர் அரசாணை வந்தால், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே அந்தப் பணியைத் தொடங்கிவிடலாம்.