பின்கட்டுக்குப் போன நெருப்பு: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் விறகடுப்பு மாறிய வரலாறு

களியக்காவிளையைக் கடந்து வடக்கே போனால் கேரளத்தின் முதல் பெரிய ஊர் பாறசாலை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தக் கோடு அடுக்களையைப் பிரிக்கவில்லை. இரு பக்கமும் சம்பா அரிசிச் சோறு, மரச்சீனி, மீன்கறி. அடுப்பில் எரிவதும் தென்னை மட்டை, கொதும்பு (காய்ந்த பாளை), தொண்டு (தேங்காய் உரிமட்டை), சிரட்டை, பனையோலை, கிழக்கே போனால் ரப்பர் விறகு. ஆனால் அடுப்பைச் சீர்திருத்த வந்த திட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. ஒரே சமையல் மரபு இரண்டு அரசுகளின் கையில் எப்படி வேறு வழிகளில் போயிற்று என்பதையும், அதில் எது கவனிக்கப்படாமல் போயிற்று என்பதையும் இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

புகையில்லா அடுப்பு முயற்சிகள் சுதந்திர காலத்திலேயே தொடங்கிவிட்டன. வார்தா மகன்வாடியில் 1947இல் ‘மகன் சூலா’ உருவாயிற்று. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த அடுப்பை வடிவமைத்து, 1953இல் ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்’ நூலைச் சென்னை கிறித்தவ இலக்கியச் சங்கம் வழியாக வெளியிட்டார். அக்காலத்து எல்லையூர் வீடுகளுக்குப் புகை முழுத் தீங்காகவும் இருக்கவில்லை. ஓலைக் கூரையைப் பூச்சி அரிக்காமல் காத்தது; அடுப்புக்கு மேலே பரணில் இருந்த புளியையும் கருவாட்டையும் விதையையும் கெடாமல் வைத்தது. கூரையின் இடுக்குகள் வழியே அது மெல்ல வெளியேறியும் போயிற்று. ஓடு வந்தபோதும் இடுக்கு இருந்தது. வளைகுடாப் பணத்தில் கான்கிரீட் கூரை எழுந்த பிறகுதான் புகைக்குப் போக்கிடமில்லாமல் ஆயிற்று. வீடு நவீனமாக நவீனமாக, அதே பழைய அடுப்பு முன்னைவிடக் கேடு செய்தது. அடுப்பு ஆய்வுகள் கட்டட வரலாற்றை இந்த அளவுக்குச் சேர்த்துப் பார்ப்பதில்லை, பார்த்திருக்க வேண்டும்.

கேரளத்தில் இதற்கு மக்கள் இயக்கம் ஒன்று பதில் தேடியது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1980களின் தொடக்கத்தில் ‘பரிஷத் அடுப்பு’ என்று பேர்பெற்ற அடுப்பைப் பரப்பியது. முன்வாயில் விறகு, அடியில் கம்பித்தட்டு வழியே காற்று, முதல் கலத்தைச் சுட்ட அனல் இரண்டாவது கலத்தின் அடியைத் தொட்டுப் புகைபோக்கியில் ஏறும். தொண்டர்கள் அளவு பிசகாமல் வீடு வீடாகக் கட்டிக் கொடுத்தார்கள். 1987இல் பாலக்காடு மாவட்டம் முண்டூரில் பரிஷத் நிறுவிய ஊரகத் தொழில்நுட்ப மையம் இந்தப் பணியை மேலே கொண்டுபோனது. பரிஷத் பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’யை நான் அடுப்புக்கு இணையாக மதிக்கிறேன். சம்பா அரிசி வேக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொதி வந்து சிறிது நேரம் கழித்துப் பானையைத் தெர்மோகோல் பதித்த பெட்டிக்குள் மூடி வைத்தால், மீதி வேக்காடு தீயில்லாமலே முடிந்துவிடும். எரியாத விறகு புகையாது.

பரிஷத் அடுப்பின் பலவீனம் புழக்கத்தில் தெரிந்தது. இரண்டாவது வாயில் பாத்திரம் இல்லாவிட்டால் இழுவை அறுந்து புகை அறைக்குள் திரும்பும். அதனால் அங்கே எப்போதும் ஒரு வெந்நீர்ப் பானையை ஏற்றி வைக்க வேண்டும். புகைக்குழாயில் படியும் கரியை அவ்வப்போது சுரண்டாவிட்டாலும் இதே கதைதான். நடுவண் அரசு 1983இல் தொடங்கி 2002இல் கைவிட்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் மூன்றரைக் கோடி அளவுக்கு அடுப்புகளைக் கணக்குக் காட்டியது. பழுது பார்ப்பவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒடிசாவில் ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் மூவரும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு இதை எண்களால் காட்டியது: முதல் ஆண்டு குறைந்த புகை, பராமரிப்பும் முறையான பயன்பாடும் தளர்ந்ததும் பழைய நிலைக்கே போய்விட்டது.

இதற்குள் எல்லையின் தெற்கே வேறு திருப்பம் நேர்ந்தது. 2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பும் அடுப்பும் இலவசமாகக் கொடுத்தது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது 2016இல்தான். 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வில் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு, கேரளத்தில் 72.1. கல்வியிலும் வருமானத்திலும் பின்தங்காத கேரளம் இதில் பின்தங்கக் காரணம் வறுமை அன்று. அங்கே வீட்டைச் சுற்றிப் புரையிடம் இருக்கிறது. அதில் தென்னை இருக்கிறது. மட்டை தானாக விழுகிறது. காசு கொடுத்து வாங்காத எரிபொருளைச் சிலிண்டர் எளிதில் வெல்ல முடியாது.

இந்த எண்களிலும் ஒரு மறைவு உண்டு. ஆய்வு கேட்பது முதன்மையாக எரிப்பது எது என்றுதான். பாறசாலைப் பக்கத்துப் புதிய வீடுகளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். டைல்ஸ் பதித்த அடுக்களையில் எரிவாயு அடுப்பில் தேநீரும் கறியும். அதன் பின்னே தகரமோ ஷீட்டோ வேய்ந்த ‘வொர்க் ஏரியா’வில் விறகடுப்பில் சோறும் குளிக்க வெந்நீரும். கணக்கில் அது தூய வீடு. பின்கதவு திறந்திருந்தால் அந்தப் புகையில் ஒரு பகுதி முன்னடுக்களைக்குள் வரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, சமைப்பவரோடு வீட்டில் இருக்கும் மற்றவரும் புகைத்துகளைச் சுவாசிப்பதைக் காட்டியிருந்தது.

பின்கட்டு அடுப்பைத் தூய்மையாக்க வழி உண்டா? உயிர்ம எரிபொருளின் எடையில் பெரும்பகுதி சூட்டில் வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயு முழுதும் எரியாமல் வெளியேறினால் அதுவே புகை. ஆகவே மேலே இரண்டாம் காற்றைக் கொடுத்து வாயுவை எரிப்பதே நவீன அடுப்புகளின் அடிப்படை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பிபி நிறுவனமும் உருவாக்கிய ‘ஊர்ஜா’ மின்விசிறியால் இதைச் செய்தது. நான்கு லட்சத்துக்கு அருகில் விற்றும், அது கேட்ட எரிபொருள் வில்லைகளின் விலை ஏறியதும் வீடுகளை விட்டுப் போனது. தாமஸ் ரீடும் போல் வெண்டல்போவும் 1980களில் தனித்தனியே கண்ட மேல்பற்றவைப்பு அடுப்பில் எரிபொருளை நிரப்பி மேலிருந்து கொளுத்த வேண்டும். தீ கீழிறங்க, வாயு மேலே எரிந்து, கடைசியில் கரி மிஞ்சும். உடைத்த சிரட்டைக்கு இது நன்றாகப் பொருந்தும். சிரட்டைக் கரிக்கு விலையும் உண்டு. ஆனால் முழு மட்டையையும் ஓலையையும் இது ஏற்காது. அவற்றைச் சிறிது சிறிதாக வெட்டிக் கொடுக்கும் வேலை மறுபடியும் பெண்ணின் தலையில் விழும்.

2013இல் திருத்திய இந்தியத் தரம் ஐ.எஸ். 13152, இயற்கை இழுவை அடுப்புக்குக் குறைந்தது 25 விழுக்காடு, விசிறி அடுப்புக்கு 35 விழுக்காடு வெப்பத்திறன் கேட்கிறது. சீராக அறுத்து உலர்த்திய மரத்துண்டுகளை எரித்தே அதைச் சோதிக்கிறார்கள். எல்லையூர் அடுப்பில் எரிவது அதுவன்று. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நனைந்து பாதி காய்ந்த மட்டை, திடீரென்று பற்றி உடனே அணையும் கொதும்பு, கனன்றுகொண்டே கிடக்கும் தொண்டு: இவற்றைக் கொண்டு, சம்பா அரிசி வேகும் நேரம் முழுக்க, பின்கதவு திறந்த வொர்க் ஏரியாவில் அளந்தால்தான் ஓர் அடுப்பு இந்த ஊருக்குத் தூயதா என்று சொல்ல முடியும். துலா (வடகிழக்குப் பருவ) மழை முடிந்து, குழாயில் கரி ஏறிய பின் அதே வீட்டில் மறுபடியும் அளக்க வேண்டும். நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் ஒருசேரச் செய்யத்தக்க ஆய்வு இது. சிலிண்டர் வந்துவிட்டது என்பதற்காக இரு அரசுகளும் இந்த வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.