திருவொற்றியூர் மகிழமரம்

மரங்களுக்குத் தமிழர் இருவகை மதிப்பளித்தனர். வெட்டியபின் தரும் பயனுக்காகச் சிலவற்றைப் போற்றினர். நிற்பதற்காகவே சிலவற்றைப் போற்றினர். இவ்விரு மதிப்புக்கும் ஒருசேர உரியது மகிழமரம். வைரம் பாய்ந்த வன்மரமாகிய அது, திருவொற்றியூரில் கோடரிக்கு உரியதாகக் கருதப்படாமல் தலமரமாக வணங்கப்பெற்று வருகிறது. அவ்வாறு அது நின்ற வரலாறு, வடசென்னைக் கடற்கரை கண்ட மாற்றங்களோடு வைத்து எண்ணத்தக்கது.

பெயரும் இயல்பும்

மகிழ், வகுளம், இலஞ்சி என்பன இம்மரத்தின் பெயர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைக்கும் மலர்களுள் வகுளமும் ஒன்று. மகிழம்பூ மாலை சூடியமையால் நம்மாழ்வார் வகுளாபரணர் எனப்பட்டார். மலையாளத்தார் இதனை இலஞ்ஞி என்பர். கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் வெளியிட்ட ‘ஓர்த்துசு மலபாரிக்குசு’ என்னும் நூல்தொகுதியில் அப்பெயரையே எழுதினார். 1753இல் இலின்னேயசு சூட்டிய ‘மிமுசாப்சு எலெங்கி’ என்ற அறிவியற்பெயரின் பிற்பகுதி அதுவே. தென்னாட்டுச் சொல்லொன்று உலகத் தாவரவியல் வழக்கில் இன்றும் வாழ்கிறது.

இலுப்பையும் பாலையும் சேர்ந்த குடும்பத்தது மகிழ். ஆண்டு முழுதும் பசுமை மாறாதது. அடர்ந்து குவிந்த தலையும் பளபளக்கும் இலையும் உடையது. வெயிலையும் கடற்காற்றையும் தாங்குவது. ஆயினும் மிக மெல்ல வளர்வது. அந்தப் பொறுமையின் விளைவே அதன் வன்மை. செம்மை படர்ந்த அதன் வைரக்கட்டை கனமும் நெருக்கமான இழையும் கொண்டது. வாளின் பல்லை மழுக்குவது. நன்கு முற்றிய கட்டை நீரில் மூழ்குவதும் உண்டு. தூண், உத்தரம், வண்டியுறுப்பு, உலக்கை, படகு ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. பட்டை, பல்லுக்கும் ஈறுக்கும் மருந்தாயிற்று. துவர்ப்பு கலந்த இனிப்புடைய பழம் உண்ணப்படும். விதை எண்ணெய் தரும்.

இத்தனை வன்மையுடைய மரம் பூப்பதோ சின்னஞ்சிறு பூ. விடியலில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் அதன் நடுவில் இயற்கையாகவே துளை இருக்கும். ஊசியின்றி நாரிற் கோக்கலாம். வாடி உலர்ந்தபின்னும் மணம் போகாது. அடுக்களையில் ஒருவகை முறுக்குக்கும் அப்பூவின் பெயரே வாய்த்திருக்கிறது.

சூளுரை கேட்ட மரம்

ஒற்றியூரில் இறைவனுக்கு மாலை தொடுக்கும் தொண்டில் இருந்தவர் சங்கிலியார். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கு வந்து சங்கிலியாரை விரும்பினார். ‘பிரியேன்’ எனச் சூளுரைத்தாலன்றி மணமில்லை என்ற நிலை. சந்நிதியில் செய்யும் சூளுக்கு அஞ்சிய சுந்தரர், அவ்வேளையில் மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டினார். இறைவனோ, மகிழின்கீழ்ச் சூளுறக் கேட்குமாறு சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்திவிட்டார். மறுநாள் தோழியர் அவ்வாறே கேட்க, சுந்தரர் மறுக்க வழியின்றி மரத்தடியில் சூளுரைத்தார். பின்னர் ஆரூர் நினைவு மீதூர, சொல்லை மீறி ஊரெல்லையைக் கடந்தார், கண்ணிழந்தார். சங்கிலியின் பொருட்டு நேர்ந்த இவ்விழப்பை அவரே திருமுல்லைவாயிற் பதிகத்தில் குறிப்பிடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை விரிவாகப் பாடினார்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசாதிராச சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒற்றியூரில் உள்ளது. பங்குனித் திருவிழாவில் இறைவன் திருமகிழின்கீழ் எழுந்தருளி, ஆளுடைய நம்பியாகிய சுந்தரரின் புராணம் கேட்டருளியதை அது தெரிவிக்கிறது. சொல்லை மீறிய கதை, சொல் பிறந்த மரத்தடியிலேயே படிக்கப்பட்டது! இன்றும் மாசிப் பெருவிழாவில் ‘மகிழடி சேவை’ நிகழ்ந்து வருகிறது.

இரும்பும் மரமும்

1856இல் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. தண்டவாளத்தின்கீழ் இடும் சிலீப்பர் கட்டைகளுக்கு வன்மரங்கள் வேண்டியிருந்தன. தொடக்கத்தில் எஞ்சின்களும் விறகை எரித்தே ஓடின. அதே 1856இல் சென்னை மாகாணக் காடுகளின் காப்பாளராக கிளெகார்ன் அமர்த்தப்பட்டார். இருப்புப்பாதையால் காடுகளுக்கு நேரும் அழிவை 1861இல் தம் நூலில் அவர் எழுதினார். வன்மையே மரத்துக்குப் பகையான காலம் அது.

பின்னர் இக்கரையில் தொழில்கள் பெருகின. திருவொற்றியூரில் தீக்குச்சி ஆலை எழுந்தது. அதற்கு வேண்டியவை மென்மரங்கள். அந்நிறுவனத்தின் பெயர் விம்கோ நகர் என ஊர்ப்பெயராய் நிலைத்தது. எண்ணூரில் 1948இல் மோட்டார்த் தொழிற்சாலையும், 1970இல் அனல்மின் நிலையமும் தோன்றின. நிலக்கரிச் சாம்பலும் புகையும் காற்றிலும் கழிமுகத்திலும் கலந்தன. அந்த மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டுகளில் ஓர் ஆலை பிறந்து ஓய்ந்துவிட்டது; அது விட்டுச் சென்ற சாம்பலோ எளிதில் அகல்வதன்று.

மகிழுக்கு நாற்பத்தேழு ஆண்டு என்பது இளமை. விரைந்து நிழல் தரும் மரங்களையே சாலைகளில் நட்டுப் பழகிய சென்னை, 2016 திசம்பர் 12இல் வீசிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் இழந்தது. விரைவு ஒன்றே அளவுகோலானால், மகிழ் எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறாது. ஆனால் தூசியும் உப்புக்காற்றும் மிகுந்த இக்கரைக்கு வேண்டுவது, அடர்ந்த இலையும் உறுதியான கிளையும் உடைய மரமே.

ஒற்றியூர் மகிழ் எஞ்சியது அதன் கட்டையின் உறுதியால் அன்று. அதன்கீழ் ஒருவர் சொன்ன சொல்லை ஊர் மறவாதிருந்தது. அந்நினைவே அதற்கு வேலியாயிற்று. பாடலும் புராணமும் கல்வெட்டும் திருவிழாவும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வேலியைப் புதுப்பித்தன. பள்ளி வளாகங்களிலும் குளக்கரைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இனி நடப்படும் மகிழங்கன்றுகளுக்கும் அத்தகைய வேலி வேண்டும். நீரூற்றும் கையை ஊரார் தருவர். நினைவில் நிறுத்தும் சொல்லைத் தரவேண்டியவர் கவிஞர்.