இருபது விநாடித் தாளம்



பயிற்சிக் கழகத்தில் நான் பயின்ற காலத்தில் விடுதித் தோழர் ஒருவர் ஓர் ஒலிநாடாவை நாள்தோறும் ஒலிக்கவிடுவார். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'இன் தி ஜங்கிள் குரூவ்' என்னும் ஃபங்க் இசைத்தொகுப்பு அது. வெளிவந்த ஆண்டு 1986. ஃபங்க் இசையில் மெட்டைவிடத் தாளமே தலைமை பெறும். வெற்றிரைச்சல் என்றே அன்று எண்ணினேன். அதன் வரலாற்றைப் பின்னரே அறிந்தேன்.

அத்தொகுப்பில் 'ஃபங்கி டிரம்மர்' என்றொரு பாடல் உண்டு. 1969 நவம்பர் 20ஆம் நாள் சின்சினாட்டி நகரில் பதிவானது. அதன் நடுவே பிற கருவிகள் ஓய, டிரம்ஸ் மட்டும் ஏறத்தாழ 20 விநாடிகள் ஒலிக்கும். வாசித்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்டு. 1943இல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் பிறந்தவர். ஆசானிடம் பயிலாதவர். தொழிற்சாலை இயந்திரங்களின் ஓசையும் புகைவண்டியின் ஓசையுமே அவருக்குப் பாடமாயின.

1980களில், ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்து மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் மின்னணுக் கருவிகள் பரவின. மேற்கண்ட தொகுப்பிலேயே அத்தாளத்தை நீட்டி அமைத்த பதிப்பும் இருந்ததால், ஹிப்-ஹாப் கலைஞர்களுக்கு வேலை எளிதாயிற்று. பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் தி பவர்' (1989) உட்பட நூற்றுக்கணக்கான பாடல்கள் அந்த 20 விநாடிகளின்மீது எழுந்தன.

ஆனால், பாடலைப் படைத்தவராகப் பதிவானது பிரவுனின் பெயர் மட்டுமே. தாளத்தைத் தந்தவருக்கு உரிமைத்தொகையில் முறையான பங்கு கிட்டவில்லை. 2017 பிப்ரவரியில் தம் 73ஆம் வயதில் அவர் மறைந்தார். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்த மதிப்புறு முனைவர் பட்டத்தை ஏற்க அவர் உயிருடன் இல்லை.

இதைப் படித்த நாளில் என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. குழுமுறையில் செய்த திரட்டேட்டிற்காகக் குழுத்தலைவியை மட்டும் சபையில் பாராட்டியிருந்தேன். படங்கள் அனைத்தையும் வரைந்த மாணவனோ பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். மறுநாள் அவன் பெயரையும் வகுப்பில் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்பொழுதெல்லாம் என் வகுப்பில் ஒவ்வொரு திரட்டேட்டின் கடைசிப் பக்கத்திலும், யார் எதைச் செய்தார் என்று மாணவர்களே எழுதுகின்றனர். தங்கள் பிள்ளைகளின் ஏட்டிலும் அப்பக்கத்தைப் பெற்றோர் தவறாது பார்க்க வேண்டுகிறேன்.